கட்டு பிரித்தவன் பார்வையில் ஹிண்டு பேப்பர்

ஒரு பேப்பரை மதிப்பிடச் சொன்னால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதன் எடைதான். 1988-லிருந்து ஐந்து வருஷம் திருவல்லிக்கேணியில் பேப்பர் போட்டேன். தமிழ்ப் பேப்பரை நாலாய் மடித்து, நடுவில் ஒரு முறுக்கு கொடுத்து எறிந்தால் முதல் மாடி பால்கனியில் போய் உட்காரும். ஹிண்டு அப்படிப் பறக்காது. ஞாயிற்றுக்கிழமை ஹிண்டுவை எறிந்தால் பாதி வழியில் மடிப்பு பிரிந்து, வரன் தேடும் பக்கம் மட்டும் தனியே கழன்று, கீழ் வீட்டு மாமி போட்ட ஈரக் கோலத்தில் வந்து படுக்கும். அதனால் ஹிண்டு வாங்கும் வீடுகளுக்குப் படியேறித்தான் ஆக வேண்டும். என் லைனில் மொத்தம் அறுபத்திரண்டு வீடு. அதில் நாற்பத்தொன்று ஹிண்டு. எத்தனை படி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எழுத்தில் ‘தி இந்து’ என்று போட்டாலும் எங்கள் பேட்டையில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. ‘ஹிண்டு பேப்பர்’தான். கோபம் வந்தால், அதன் ஆபீஸ் இருக்கும் ரோட்டையும் சேர்த்து, ‘மவுண்ட் ரோடு மகாவிஷ்ணு’. இப்போது நான் ஓர் ஆடிட்டர் ஆபீசில் கணக்குப் பார்க்கிறேன், முடிச்சூரில் குடியிருக்கிறேன், இருபது வருஷத்துக்கு மேல் காசு கொடுத்து இதே பேப்பரை வாங்குகிறேன். சந்தாவைப் புதுப்பிக்கலாமா, மகள் போனில் படிப்பதே போதுமா என்று வீட்டில் பேச்சு வந்தது. அந்தப் பேச்சில்தான் இதை எழுதத் தோன்றியது.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். நான் படித்தது மாநகராட்சிப் பள்ளியில், தமிழ் மீடியம். தோளில் சுமந்த பேப்பரில் ஒரு வரி புரியாது. விடியற்காலை நாலரைக்கு வாலாஜா ரோடு முனையில் கட்டு பிரிப்போம், இணைப்பு சொருகுவோம், லைன் வாரியாக அடுக்குவோம். ஏஜென்ட் அண்ணன் ஆளுக்கு ஒரு ஸ்பேர் காப்பி தருவார். ஏதாவது நனைந்தால், கிழிந்தால் மாற்றிக் கொடுக்க. மிச்சமானால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், மடிப்புக் கலைந்திருக்கக் கூடாது. ஆறரைக்கு லைன் முடிந்ததும் பார்த்தசாரதி கோயில் குளத்துப் படியில் உட்கார்ந்து அந்த ஸ்பேர் காப்பியை மடிப்பு கலையாமல் படிப்பேன். அதாவது, படம் பார்ப்பேன். விளையாட்டுப் பக்கம் மட்டும். விம்பிள்டனில் எட்பர்க்கும் பெக்கரும் 1988, 89, 90 என மூன்று வருஷம் தொடர்ந்து இறுதி ஆட்டத்தில் மோதிக்கொண்டிருந்த காலம் அது. நிர்மல் சேகர் டென்னிஸ் பற்றி எழுதுவார். ஒரு வாக்கியம் தொடங்கினால் பத்தி முடியும்போதுதான் முற்றுப்புள்ளி வரும். யார் ஜெயித்தார்கள் என்பது எனக்கு முன்பே தெரியும், டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். முடிவு தெரிந்த ஆட்டத்தைப் பற்றிய வாக்கியங்கள் என்பதால் சொல்லைச் சொல்லாக ஊகிக்க முடிந்தது. என் இங்கிலீஷ் அங்கே தொடங்கியதுதான். இன்றும் நான் பேப்பரைப் பின்பக்கத்திலிருந்துதான் படிக்கிறேன், மனைவிக்கு அது இன்னும் வேடிக்கை.

‘ஹிண்டு படிச்சா இங்கிலீஷ் வரும்’ என்று ஊரே சொல்லும். பேப்பர் போட்டவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: வாங்கினவர்களில் பாதிப் பேர் படிக்கவில்லை. மாசக் கணக்கு வாங்கப் போகும்போது திண்ணையில் அடுக்கி வைத்திருக்கும் பழைய பேப்பரைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நான் போட்ட மடிப்பு அப்படியே இருக்கும். எடைக்குப் போடும்போது இங்கிலீஷ் பேப்பருக்கு கிலோவுக்குக் கொஞ்சம் கூடக் கிடைக்கும், அது ஒரு லாபம். பையன் படிப்பான் என்று வாங்குவார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று டீப்பாய் மேல் வைப்பார்கள். அக்குவேறு ஆணிவேறாய்ப் பிரித்துப் படித்தவர்கள் வாடகைக்கு அறை எடுத்துத் தங்கும் மேன்ஷன்காரர்கள்தான். ஆறு அறைக்கு ஒரு பேப்பர். தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கொன்றாய் எடுத்துக்கொண்டு, வராண்டாவில் நடந்தபடி பல் துலக்கிக்கொண்டே படிப்பார்கள். இரவு அது திரும்ப ஒன்று சேரும்போது நடுத்தாள் தலைகீழாய் இருக்கும்.

எங்கள் பேட்டைப் பேப்பர் என்பதால் அதன் பிறந்த கதை எங்களுக்கு ஊர்ப் பெருமை. சென்னை உயர் நீதிமன்றத்தில் டி. முத்துசாமி ஐயரை நீதிபதியாக நியமித்தபோது, வெள்ளைக்காரர்கள் நடத்திய பத்திரிகைகள் ஓர் இந்தியர் அந்த நாற்காலியில் உட்காருவதா என்று எழுதின. பதில் சொல்ல நம்மிடம் பத்திரிகை இல்லையே என்று திருவல்லிக்கேணியில் கூடிப் பேசிக்கொண்டிருந்த ஆறு இளைஞர்கள் ஆரம்பித்ததுதான் ஹிண்டு. இரண்டு பேர் வாத்தியார்கள்: ஜி. சுப்பிரமணிய ஐயருக்கு 23 வயது, எம். வீரராகவாச்சாரியாருக்கு 21. மற்ற நாலு பேர் சட்டம் படிக்கிற மாணவர்கள். ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, பிளாக் டவுன் மின்ட் தெருவில் ஓர் அச்சகத்தில் 80 பிரதி அடித்தார்கள். 1878 செப்டம்பர் 20. விலை நாலணா. கணக்குப் பார்க்கிறவன் புத்தி சும்மா இருக்காது: எண்பதும் விற்றிருந்தால் இருபது ரூபாய் வந்திருக்கும்! முதல் இதழிலேயே இவ்வளவு நல்ல வரவு செலவை நான் எந்தக் கம்பெனியிலும் பார்த்ததில்லை. முதலில் வாரப் பத்திரிகை, 1883-ல் வாரம் மூன்று முறை, 1889-ல் தினசரி.

இதில் எனக்குப் பிடித்த மனிதர் சுப்பிரமணிய ஐயர். 1885-ல் பம்பாயில் காங்கிரஸ் முதல் முறையாகக் கூடியபோது முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் அவர். 1889-ல் குழந்தை விதவையான தன் மகளுக்கு மறுமணம் செய்து வைத்தார். பெரிய தெருவிலும் அதைச் சுற்றிய அக்ரகாரத்திலும் அந்தக் காலத்தில் அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று அந்தத் தெருக்களில் படியேறினவனுக்குத் தெரியும். சமூக சீர்திருத்தத்தைப் பற்றித் தலையங்கத்தில் அவர் எழுத எழுத, கூட்டாளியான வீரராகவாச்சாரியாருக்கு வாசகர்கள் கழன்றுவிடுவார்களோ என்ற கவலை. 1898-ல் சுப்பிரமணிய ஐயர் வெளியேறினார். ஹிண்டுவில் இருக்கும்போதே 1882-ல் அவர் தொடங்கியிருந்த தமிழ்ப் பத்திரிகைதான் சுதேசமித்திரன். பின்னால் பாரதியாருக்கு வேலை கொடுத்ததும் அந்தப் பத்திரிகைதான். ஹிண்டு நிறுவனம் தமிழில் ஒரு நாளிதழ் கொண்டுவந்தது 2013-ல். நிறுவனர் செய்ததைச் செய்ய 131 வருஷம் ஆயிற்று. இதை ஒரு குறையாகவே எழுதி வைக்கிறேன்.

1905-ல் கஸ்தூரி ரங்க ஐயங்கார் 75,000 ரூபாய்க்குப் பத்திரிகையை வாங்கினார். அதிலிருந்து அந்தக் குடும்பத்தின் கையில் இருக்கிறது. குடும்பத்துக்குள் நடந்த சண்டைகளையும், 2011-ல் முதல் முறையாக வெளியாள் ஒருவர் ஆசிரியராகி 2013-ல் விலகியதையும் இங்கே விரித்தால் மதிப்புரை மெகா சீரியல் ஆகிவிடும்.

ஆனால் ‘மகாவிஷ்ணு’ என்ற பட்டம் எதற்கு வந்தது என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. இந்தப் பேப்பர் எல்லாருடைய பேப்பராகவும் ஒரு நாளும் இருந்ததில்லை. பிராமணரல்லாதாருக்காகத் தொடங்கிய நீதிக்கட்சியைச் சேர்ந்தவர்கள் 1917-ல் ‘ஜஸ்டிஸ்’ என்று தங்களுக்கென ஓர் ஆங்கில நாளிதழ் தொடங்கினார்கள். மவுண்ட் ரோடில் தங்கள் குரல் எடுபடாது என்ற எண்ணமும் அதற்கு ஒரு காரணம். ஈழப் பிரச்சினையில் ஹிண்டு எடுத்த நிலைப்பாட்டைப் பிடிக்காமல், பரம்பரையாய் வாங்கின பேப்பரை நிறுத்தியவர்களை எனக்கே தெரியும். ஐஸ் ஹவுஸ் பக்கத்தில் ஒரு தையற்கடைக்காரர், “தம்பி, பேப்பர் நல்ல பேப்பர்தான். ஆனா அது என்னப் பாத்துப் பேசல”ன்னு சொன்னார். அதற்கு அப்போதும் எனக்குப் பதில் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

அதே பேப்பர் முதுகெலும்போடு நின்ற நாள்களும் உண்டு. நான் லைன் போக ஆரம்பித்த வருஷம் எங்கும் போஃபர்ஸ் பீரங்கி பேர ஊழல் பேச்சு. ஜெனீவாவிலிருந்து நிருபர் சித்ரா சுப்பிரமணியம் தேடி எடுத்த ஆவணங்கள் 1988-ல் அப்படியே நகலாகப் பக்கம் பக்கமாக அச்சாயின. எனக்கு என்ன தெரியும்? கட்டு பிரிக்கும்போது, “இன்னைக்கு ஸ்பேர் காப்பிய யார்ட்டயும் காட்டாதடா, வித்துக்கலாம்” என்று ஏஜென்ட் அண்ணன் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. அன்று குளத்துப் படியில் எனக்கு எட்பர்க் இல்லை. அடுத்த வருஷம், மேற்கொண்டு ஆவணங்களை வெளியிடுவதை நிறுத்தியதில் ஆசிரியர் ஜி. கஸ்தூரிக்கும் இணை ஆசிரியர் என். ராமுக்கும் வெளிப்படையாகவே மோதல் வந்தது. பெருமையும் சறுக்கலும் ஒரே விஷயத்தில், இரண்டு வருஷத்துக்குள்.

இன்னொன்று 2003. ஏப்ரலில் எழுதிய ஒரு தலையங்கத்துக்காக, நவம்பர் 7 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் உரிமை மீறல் என்று ஹிண்டுவைச் சேர்ந்த ஐந்து பேருக்குப் பதினைந்து நாள் சிறைத் தண்டனை விதித்தது. அந்தத் தலையங்கத்தைத் தமிழில் வெளியிட்டதற்காக தி.மு.க. நாளேடான ‘முரசொலி’யின் ஆசிரியருக்கும் அதே தண்டனை. மவுண்ட் ரோடு ஆபீசுக்குள் போலீஸ். நவம்பர் 10-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. மகாவிஷ்ணுவையும் முரசொலியையும் ஒரே வரிசையில் நிற்க வைத்த பெருமை அந்தத் தீர்மானத்துக்குத்தான். ஹிண்டுவை நாலு தலைமுறையாய்த் திட்டி வந்த எங்கள் பேட்டைக் கழகக்காரர் ஒருவர் அந்த வாரம் ஹிண்டு வாங்கினார். பிரித்துப் படித்தாரா என்பது வேறு விஷயம்.

சரி, இன்றைய பேப்பருக்கு வருகிறேன்.

தலைப்பெழுத்தும், பசுவும் யானையும் சங்கும் உள்ள சின்னமும் எனக்குத் தெரிந்தவரை அதே அடையாளத்தோடு இருக்கின்றன. 2005-ல் மரியோ கார்சியா என்ற வெளிநாட்டு வடிவமைப்பாளரை வைத்துப் பக்கங்களை மாற்றினார்கள், கண்ணுக்கு இதமாகத்தான் ஆயிற்று. பழைய ஹிண்டு பத்தியும் எழுத்தும் நெருக்கியடித்து, பஸ்ஸில் புட்போர்டு அடிக்கிற மாதிரி இருக்கும். 1958 வரைக்கும் முதல் பக்கத்தில் செய்தியே கிடையாது, முழுக்க விளம்பரம்தான். இப்போது சில நாள் முதல் பக்கத்துக்கு மேலே முழுப்பக்க விளம்பரத்தைச் சட்டை மாட்டினாற்போல் போடுவதைப் பார்க்கும்போது, பாட்டன் காலத்துக்கே திரும்பிவிட்டோம் என்று தோன்றும். விளம்பரம் இல்லாமல் தினசரி நடத்த முடியாது, கணக்குப் பார்க்கிறவனுக்கு அது தெரியும். இருந்தாலும் காலையில் தலைப்புச் செய்திக்குக் கை நீட்டினால் அடுக்குமாடிக் குடியிருப்பு வந்து நிற்பது எரிச்சல்தான்.

செய்தி என்று பார்த்தால், முந்தின இரவே போனில் வந்துவிட்டது. அதற்காகப் பேப்பர் வாங்குகிறேன் என்று சொன்னால் பொய். நான் காசு கொடுப்பது மூன்று நாலு சின்ன விஷயங்களுக்கு.

ஒன்று, தவறைத் திருத்தி வெளியிடும் இடம். 2006-ல் கே. நாராயணனை வாசகர்களின் ஆசிரியராக நியமித்தார்கள், இந்தியப் பத்திரிகைகளில் அந்தப் பதவிப் பெயரில் ஒருவர் வந்தது அதுதான் முதல் முறை. நேற்று இந்தப் பக்கத்தில் இந்தப் பெயர் தப்பு, இந்த எண் தப்பு என்று தானே எழுதும் பேப்பர். தணிக்கைத் துறையில் பிழைப்பு நடத்துகிறவனுக்கு இதைவிட ருசியான பத்தி கிடையாது. எங்கள் ஆபீசில் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வைக்க மூன்று மீட்டிங் ஆகும்.

அடுத்தது ஆசிரியருக்குக் கடிதங்கள். பாண்டிச்சேரியில் இருந்தபோது பாரதியார் இங்கிலீஷில் ஹிண்டுவுக்குக் கடிதம் எழுதுவார். துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில், அவர் கடைசியாக வாழ்ந்த வீட்டு வாசலைத் தாண்டித்தான் என் லைன். எனக்கு அது பதினாறு வயதுக்கு மேல்தான் தெரியவந்தது. அதற்குப் பிறகு அந்தப் பத்தியை மேலோட்டமாகத் தாண்ட மனசு வருவதில்லை. ரிட்டயர்டு ஆன பெரியவர்கள் ரயில் நேரத்தைப் பற்றியும் தண்ணீர்க் குழாயைப் பற்றியும் அதே சபை நாகரிகத்தோடு எழுதுகிறார்கள்.

குறுக்கெழுத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. புதிராகக் குறிப்பு கொடுக்கும் வகை அது, 1971-லிருந்து வருகிறது. கிரிட்மேன் என்று புனைபெயரில் ஒருவர் அமைப்பார். பதினைந்து வருஷமாய் முயற்சி, முழுசாய் முடித்த நாள்களை விரல் விட்டு எண்ணலாம். பேப்பரில் பேனாவால் அழித்து அழித்துப் போடுவதில் இருக்கிற சுகம் போனில் விரலால் தட்டுவதில் இல்லை. பிடிவாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தாள் தாளாய்ப் பிரிகிற வசதி. மேன்ஷன்காரர்களிடம் கற்றது. காலை ஆறரையிலிருந்து ஏழேகால் வரை எங்கள் வீட்டில் விளையாட்டு எனக்கு, சென்னைப் பக்கங்கள் மனைவிக்கு, தலையங்கப் பக்கம் மகளுக்கு. சண்டை கிடையாது. ஒரு போனை மூன்று பேர் இப்படிப் படிக்க முடியுமா?

மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிவில் சர்வீஸ் பரீட்சைக்குத் தயாராகிறாள். அவளைப் போன்றவர்களுக்கு ஹிண்டு பேப்பர் இல்லை, பாடப்புத்தகம். கோச்சிங் வகுப்பில் முதல் நாளே சொல்லிவிடுகிறார்களாம். பச்சை மார்க்கர், மஞ்சள் மார்க்கர், அரசமைப்புச் சட்டம் வந்தால் ஒரு நிறம், வெளியுறவு வந்தால் ஒரு நிறம். வெட்டி எடுத்து நோட்டில் ஒட்டுகிறாள். நான் பின்பக்கம் எடுத்துப் பார்த்தால் நடுவில் ஜன்னல் மாதிரி ஓட்டை இருக்கும், அந்த ஓட்டையில் என் கிரிக்கெட் ஸ்கோர் போயிருக்கும். “அப்பா, அது கேள்வியா வராது” என்பாள். அவள் ஈ-பேப்பருக்குத் தனியே சந்தா கட்டியிருக்கிறாள். பழைய இதழைத் தேடவும், வெளியூரில் இருக்கும்போது படிக்கவும் அது வசதிதான், மறுக்கவில்லை. 1995-லேயே இணையத்துக்கு வந்த முதல் இந்தியப் பத்திரிகை இது, அந்தப் பக்கத்தில் அவர்கள் பின்தங்கியவர்கள் இல்லை. ஆனால் போனில் அவள் தேடியது மட்டும் கிடைக்கிறது. பேப்பரில், தேடாத ஏதோ ஓர் ஊரின் கண்மாய்ப் பிரச்சினை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், கண் தானாய்ப் போகும். பி. சாய்நாத் கிராமங்களிலிருந்து எழுதிக்கொண்டிருந்த காலத்தில் மகாராஷ்டிரத்து விதர்பா பருத்தி விவசாயிகளைப் பற்றி நான் படித்ததெல்லாம் அப்படிக் கண் தடுக்கிப் படித்ததுதான்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். தேசிய நாளிதழ் என்கிறோம், மும்பைக்கு ஒரு பதிப்பு வந்தது 2015 நவம்பரில்தான். நடை சில நாள் ரொம்பவே விறைப்பு. கட்டுரைப் பக்கத்தில் ஓய்வு பெற்ற தூதர்களும் செயலாளர்களும் மாறி மாறி எழுதும்போது, அரசாங்கக் கோப்பைத் தெரியாமல் பிரித்துவிட்டோமோ என்று தோன்றும். டிசம்பரில் சங்கீத சீசன் வந்தால் சபாக்களுக்கு இடம் தாராளம், அதே மாசம் வடசென்னையில் நடக்கும் கானாவுக்கு அந்தத் தாராளம் கிடையாது. முன்னைவிடப் பரவாயில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஒரு நாள் பேப்பர் விலை ஏறக்குறைய ஒரு டீ விலை. அந்தக் கணக்கில் எனக்கு நஷ்டம் தெரியவில்லை. எந்த நாள் எத்தனை பக்கம் என்று எண்ணுகிறவர்களுக்குத் தெரியலாம்.

பேப்பர் வராத நாள் ஒன்றைச் சொன்னால்தான் இந்த மதிப்புரை எனக்கு முழுசாகும். 2015 டிசம்பர் 2. முடிச்சூரில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கீழ் வீட்டுக்காரர்கள் மூன்று குடும்பம் எங்கள் மாடியில். கரண்ட் இல்லை, போன் செத்துவிட்டது. விடிந்ததும் பழக்கதோஷத்தில் பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தேன், தெருவே ஏரியாய் இருக்கும்போது பேப்பர் எங்கே வரும் என்று எனக்கே சிரிப்பு. நாலைந்து நாள் கழித்துத்தான் தெரிந்தது: அன்று சென்னையில் ஹிண்டு அச்சாகவே இல்லை. மறைமலை நகரில் இருக்கும் அச்சகத்துக்குத் தொழிலாளர்கள் போய்ச் சேர முடியவில்லை. 1878-லிருந்து அப்படி நடந்தது அதுதான் முதல் முறை. நான் லைன் போன காலத்தில் புயல் வந்தாலும் கட்டு வந்துவிடும். கட்டு வராத ஒரு காலை எப்படி இருக்கும் என்று வாலாஜா ரோடு முனையை நினைத்துக்கொண்டேன்.

ஆகவே, யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன்? வீட்டில் இரண்டு பேருக்கு மேல் இங்கிலீஷ் படிப்பவர்கள் இருந்து, காலையில் முக்கால் மணி நேரம் உட்கார முடியும் என்றால் அச்சுப் பேப்பர் வாங்குங்கள். பரீட்சைக்கு மட்டும் என்றால் ஈ-பேப்பர் போதும், பேப்பரில் ஓட்டை போடாமல் இருப்பீர்கள். பையனுக்கு இங்கிலீஷ் வரட்டும் என்று வாங்கப் போகிறவர்கள் முதல் மாசம் முழுக்க விளையாட்டுப் பக்கத்தை மட்டும் கையில் கொடுத்துப் பாருங்கள். தலையங்கத்தில் ஆரம்பித்தால் மடிப்புக் கலையாது.

நாங்கள் இந்த வருஷத்துக்கும் புதுப்பித்துவிட்டோம். எங்கள் தெருவுக்குப் பேப்பர் போடுகிறவர் பையன் இல்லை, ஐம்பது தாண்டினவர், டிவிஎஸ் எக்ஸெல்லில் வருகிறார். வண்டியை நிறுத்துவதுகூட இல்லை. நாலாய் மடித்து, நடுவில் ஒரு முறுக்கு. நாங்கள் இருப்பது முதல் மாடி. திங்கட்கிழமை ஹிண்டு நேராக பால்கனியில் வந்து விழுகிறது.